மிளகாய் இல்லாத வரிசை

மனுஷனோட மூக்கு எவ்வளவு நீளம்னு அவங்கவங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். குச்சியை உள்ள விட்டா, இன்னுமா போகுதுன்னு கண்ணாலேயே கேப்பாங்க. ஆமா, இன்னும்தான் போகும், பேசாம உட்காருங்கன்னு சொல்லுவேன்.

தொற்று வர்றதுக்கு முன்னாடி ஒரு லேப்ல ரத்தம் எடுத்துட்டிருந்தேன். அப்ப என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. தொற்று வந்தப்புறம் பரிசோதனை முகாமுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க, ஆனா கிட்ட வர்றதில்லை.

எத்தனை விதமான ஜனங்க. வர்றதுல பாதிப் பேரு, "எனக்கு ஒண்ணுமில்லைங்க, வீட்ல தொல்லை தாங்காம வந்தேன்"னு ஆரம்பிப்பாங்க. உடற்பயிற்சிக் கூடம் வெச்சிருக்கிற ஒருத்தர், கை ஒவ்வொண்ணும் என் இடுப்பு அளவு, குச்சியைப் பார்த்ததுமே நாற்காலியோட பின்னாடி சாய்ஞ்சிட்டார். ஒரு அம்மா என் மணிக்கட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "கொஞ்சமா எடுத்துக்கோ, போதும்"னு பேரம் பேசினாங்க. ஒரு மாப்பிள்ளை, "நாளைக்குக் கல்யாணம், இல்லைன்னே போட்டுக் குடுத்துடுங்க"ன்னு கெஞ்சினான். எடுக்கிறதுக்கு முன்னாடியே அழுதவங்க உண்டு. எடுத்து முடிச்சப்புறம், "அவ்வளவுதானா, இதுக்கா ராத்திரி பூரா தூங்காம கிடந்தேன்"னு என் மேலேயே கோவிச்சுக்கிட்டவங்களும் உண்டு.

நான் எல்லாரையும் திட்டுவேன். திட்டிக்கிட்டே எடுத்துடுவேன். அவங்களுக்கு என் மேல கோபம் வர்ற நேரத்துக்குள்ள குச்சி குழாய்க்குள்ள போயிருக்கும். டாக்டர் ஒரு நாள், "நீ மயக்க மருந்தை வாயில வெச்சிருக்கே"ன்னார்.

அந்த முழு உடுப்பைப் போட்டுக்கிட்டா எங்களுக்குள்ளேயே யார் எவர்னு தெரியாது. எல்லாரும் வெள்ளை மூட்டை. அதனால ஆளுக்கொரு படத்தை முதுகுல வரைஞ்சுக்குவோம். டாக்டருக்கு மீசை. நடக்கும்போது இப்படியும் அப்படியும் சாயற ஒருத்திக்கு வாத்து. எனக்கு என்ன வரையலாம்னு யாரும் யோசிக்கவே இல்லை. பெருசா ஒரு மிளகாயை வரைஞ்சு விட்டுட்டாங்க.

இதை வீட்ல பெருமையா என் மாமனார்கிட்ட சொன்னேன். "வரைஞ்சவனுக்குக் கண்ணு நல்லா தெரியுது"ன்னார்.

வீட்ல நானும் மாமாவும்தான். என் வீட்டுக்காரர் கப்பல்ல மெக்கானிக், எந்தத் துறைமுகத்திலேயும் இறங்க விடாம நடுக்கடல்ல நிக்கிறார். மாமா ரொம்பக் காலம் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தவர். பக்கத்து சீட்ல தனக்குன்னு ஒரு பிரேக் வெச்சுக்கிட்டே வாழ்ந்த மனுஷன். இப்பவும் யாராவது எதையாவது வேகமா செஞ்சா அவரோட வலது கால் தானா தரையை அழுத்தும். நான் ஃபோன்ல சத்தமா பேசினாக்கூட அழுத்தும்.

எங்களுக்குள்ள ஓயாத சண்டை. ஆனா நான் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்குப் பின்வாசல்ல வெந்நீர் வாளி தயாரா இருக்கும், மாத்துத் துணி கொடியில தொங்கும், சாப்பாடு மூடி வெச்சிருக்கும். சண்டையைக் குளிச்சு முடிச்சப்புறம்தான் ஆரம்பிப்பார்.

சண்டை என்னன்னா, டெஸ்ட். தெருமுனை மரத்தடியில ஒரு பெஞ்ச் இருக்கு. தினமும் அங்க நின்னுக்கிட்டு, "டெஸ்ட்டே ஒரு ஏமாத்து வேலை. எடுத்தா இருக்குன்னு சொல்லுவாங்க, எடுக்கலைன்னா ஒண்ணும் இல்லை"ன்னு பிரசங்கம் பண்ணுவார். எதிர் வீட்டு ரிட்டையர்ட் தபால்காரர் அவருக்கு வலது கை. மாஸ்க்கைத் தாடைக்குக் கீழ இறக்கி விட்டுட்டு இன்னும் நாலு பேரு தலையை ஆட்டிக்கிட்டு நிப்பாங்க. முகாம் வண்டி எங்க தெருவுக்கு வந்தப்ப ஒரு கதவுகூடத் திறக்கலை. என் சொந்தத் தெரு. டாக்டர் முன்னாடி என் மானமே போச்சு.

"நான் ஊர் மூக்கையெல்லாம் குடையறேன், நீங்க ஊரையே கெடுக்கறீங்க"ன்னு கத்தினேன்.

"உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பார்க்கிறேன்"னார்.

தெருவுக்கு நான்னாலே ஆகாது. நான் நடந்தா எதிர்ப்பக்கம் மாறிப் போவாங்க. பால்காரர் பாக்கெட்டைத் தெருமுனையிலேயே வெச்சுட்டுப் போயிடுவார். நாங்க குடியிருக்கிறது வாடகை வீடு, மேல இருக்கிறது வீட்டுக்காரம்மா. அவங்க ஒரு நாள் மாடிப்படியில நின்னுக்கிட்டு நேராவே சொன்னாங்க: "உங்க வீட்ல யாருக்காவது வந்துச்சுன்னா மன்னிச்சுக்கோ, உடனே காலி பண்ணிடணும். கொண்டு வந்தா நீதானே கொண்டு வரணும்?" மாமா உள்ள இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் பேசலை. வாய் பேசியே வாழ்ந்தவர் அன்னைக்கு மட்டும் எனக்காக ஒரு வார்த்தை பேசலையேன்னு எனக்கு மனசு விட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல அவர் இருமல் எனக்குக் கேக்க ஆரம்பிச்சுது. துண்டை வாயில அழுத்திக்கிட்டு இருமற இருமல். கேட்டா தூசின்னார். சாப்பாட்டைத் தட்டுல அளைஞ்சுட்டு எழுந்தார். தொட்டுப் பார்க்கலாம்னு கையை நீட்டினா அறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கு, வயசு இருக்கு. இது அதுவா இருந்தா ஒவ்வொரு நாளும் தாமதம்தான். டாக்டர்கிட்ட சொல்லி ஒரு டெஸ்ட் கிட்டை வீட்டுக்கே கொண்டு வந்தேன்.

"மாமா, கதவைத் திறங்க. ஒரு நிமிஷ வேலை."

"நீ என்னைத் தொடவே கூடாது. போ."

அப்படியே கதவுக்கு வெளியில உட்கார்ந்துட்டேன். இத்தனை பேரு எனக்கு மூக்கை நீட்டறாங்க, என் வீட்டு மனுஷன் நீட்ட மாட்டேங்கிறார். அழுகை வந்துது. அழுதேன், அப்புறம் கதவைப் பார்த்து நாலு வார்த்தை திட்டினேன். கடைசியா, "நாளைக்குப் பஸ் டிப்போவுல டியூட்டி. சாயந்திரம் வந்து உங்களை ஆள் வெச்சுத் தூக்கிட்டுப் போகலைன்னா பாருங்க"ன்னுட்டுப் படுத்துட்டேன்.

காலையில டிப்போவுக்குக் கிளம்பும்போதே ஃபோன். வாத்துக்கு வயிறு சரியில்லை, மார்க்கெட் பக்கத்து ஸ்கூல் முகாமுக்கு நான் போகணும். அங்க போனா உடுப்பு தட்டுப்பாடு. முந்தின நாளே வாத்து தனக்குன்னு படம் வரைஞ்சு மடிச்சு வெச்ச ஒண்ணுதான் மிச்சம். "படம் வரைஞ்சதைத் தூக்கியா போட முடியும்? போட்டுக்கோ"ன்னார் டாக்டர். போட்டுக்கிட்டேன். முதுகுல வாத்தோட நின்னேன்.

ஜனம் வெளியில மைதானம் வரைக்கும் நின்னுது. வகுப்பறைக்குள்ள மூணு மேசை, மூணு வரிசை. நான் ஒரு சின்னப் பொண்ணுக்கு எடுத்து முடிச்சு நிமிர்ந்தா, வாசல்ல ஒரு ஆள் உள்ள வராம எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். தொப்பி, ரெண்டு மாஸ்க், கையில ஒரு பை. எங்க மூணு பேரோட முதுகையும் ஒவ்வொண்ணா பார்க்கிறார். அப்புறம் பதிவு மேசையில குனிஞ்சு ஏதோ கேட்டார்.

பதிவு மேசைக்காரருக்குக் குரல் பெருசு. "மிளகாயா? அவங்களுக்கு இன்னைக்கு டிப்போ சார். இங்க வர மாட்டாங்க."

அந்தச் சட்டை நான் தேய்ச்சுக் குடுத்த சட்டை.

டெஸ்ட்டே ஏமாத்துன்னு ஊரைக் கூட்டின மனுஷன், எனக்குத் தெரியாம டெஸ்ட் எடுத்துக்க வந்திருக்கார். அதுவும் என்கிட்டேர்ந்து தப்பிக்க முதுகு முதுகா பார்த்து வரிசை பிடிக்கிறார். வாயைத் திறந்து மாமான்னு கூப்பிட இருந்தேன். கூப்பிட்டா திரும்பி நடையைக் கட்டிடுவார்னு தெரியும். மறுபடி அறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவார். பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்தவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். பேசாம எடுத்தேன். அவருக்கும் அடுத்தவருக்கும் அடுத்தவருக்கும் பேசாமலே எடுத்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு என் கூட வேலை செய்யறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

அவர் முறை வந்துது. உட்கார்ந்தார். வலது கால் தரையை அழுத்திக்கிட்டிருந்துது. பதிவுச் சீட்டை நீட்டினார். பேர் அவருடையது, விலாசம் யாருடையதோ. விரல்ல ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டினேன். வந்த எண் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை.

"வாத்தும்மா தானே நீங்க?"ன்னார், மூச்சு வாங்கிக்கிட்டே. "என் மருமக சொல்லியிருக்கா. உங்க கை மெதுவாம். அவ கை கொஞ்சம் வேகம்."

தலையை ஆட்டினேன்.

"ஒரு உதவி பண்ணணும்மா. ரிசல்ட்டை ஃபோனுக்கு அனுப்பிடாதீங்க. இங்கேயே மரத்தடியில உட்கார்ந்திருக்கேன். இருக்குன்னா இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன். வீட்ல சொந்தக்காரங்க ஊருக்குப் போறேன்னு எழுதி வெச்சுட்டு வந்துட்டேன். துணி, மாத்திரை எல்லாம் பையில இருக்கு."

நான் குச்சியோட உறையைப் பிரிச்சேன்.

"அவ வேலை இது. எனக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா அவதான் கொண்டு வந்தான்னு தெருவே சொல்லும். அப்படி வந்தா வீட்டைக் காலி பண்ணணும்னு வேற சொல்லியிருக்காங்க. புருஷன்காரன் கடல்ல கிடக்கான். ஒத்தைப் பொண்ணு எங்க போவா? அதான் டெஸ்ட்டே பொய்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தெருவுல யாரும் எடுக்கலைன்னா யாருக்கும் இல்லை. யாருக்கும் இல்லைன்னா அவ மேல பழி இல்லை. அவ என்னைத் திட்டட்டும், பரவாயில்லை. தொடத்தான் விட மாட்டேன். எனக்கு இருந்து அவளுக்கு ஒட்டிக்கிட்டா?"

சத்தியமா சொல்றேன், எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். எனக்காகப் போட்ட திட்டம்தான், ஆனா என்ன மூளைகெட்ட திட்டம். இந்த ஒரு மனுஷன் என் பேரைக் காப்பாத்தப் போய் ஒரு தெரு முழுக்க டெஸ்ட் எடுக்காம உட்கார்ந்திருக்கு. தன் உயிரையும் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு வந்திருக்கார். அழுகை அதுக்குப் பின்னாடி வந்துது. முகத்தை மூடின கண்ணாடிக்கு உள்ள துடைக்க முடியாது, வழியட்டும்னு விட்டுட்டேன்.

மூக்குல எடுத்தேன், தொண்டையில எடுத்தேன். குழாய்ல போட்டு மூடியைத் திருகி ரேக்ல வெச்சேன். அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"மாமா, விலாசத்தைத் திருத்திச் சொல்லுங்க. அந்தத் தெருவுல நாம குடியில்லை."

அவர் என் முதுகை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

"வாத்து வேஷம் போட்டுக்கிட்டு ஆளை ஏமாத்தறியா?"

"ஊருக்குப் போறேன்னு எழுதி வெச்சது யாரு?"

"முதல்லயே குரல் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருந்தா உட்கார்ந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளா இருக்கும்."

அவ்வளவுதான். அதுவரைக்கும் அடக்கி வெச்சதையெல்லாம் கொட்டிட்டேன். சர்க்கரை உடம்பை வெச்சுக்கிட்டு நாலஞ்சு நாளான்னு ஆரம்பிச்சேன், மூணு வரிசையும் வாய் பொத்தி நின்னுது. பதிவு மேசைக்காரர், "அட, மிளகாய்தான்"னு முணுமுணுத்தார். நான் திட்டத் திட்ட மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தார்.

உடனே பார்க்கிற டெஸ்ட்ல அவருக்கு இருக்குன்னு வந்துடுச்சு. டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஏறும்போது மாமா திரும்பி, "தெருவுல சொல்லிடாதே. ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லு. நான் பட்டதுக்கு அதுவாவது மிஞ்சட்டும்"னார். பையை அவர் மடியில வெச்சுக் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் அதே நாற்காலியில டாக்டர் என்னை உட்கார வெச்சு எனக்கும் எடுத்தார். முகாம் வேலைக்கு வந்ததுலேர்ந்து முதல் தடவையா குச்சியைப் பார்த்து எனக்குப் பயம் வந்துது. நான்தான் கொண்டு வந்தேனா? எனக்கு இல்லைன்னு ரிசல்ட் வந்துது. அதனால நான் கொண்டு வரலைன்னு ஆகிடாது, அதுவும் எனக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளியில வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினார்.

வழியெல்லாம் யோசிச்சேன். ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னா வீடு தங்கும், பேர் தங்கும். அந்த பெஞ்ச்ல அவர் கூட நின்ன நாலஞ்சு பேரு? தபால்காரர் இருமறது எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. அவரும் தூசின்னுதான் சொல்லிட்டிருப்பார். தெருவுக்குள்ள நுழையும்போது என்ன பண்ணணும்கிறதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வீட்டு கேட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, மாஸ்க்கை இழுத்து விட்டுக்கிட்டு, முகாம்ல கத்தற குரல்ல கத்தினேன். "எங்க மாமாவுக்கு வந்திருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கார். நான் கொண்டு வந்தேனா, நீங்க குடுத்தீங்களா, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. டெஸ்ட் ஏமாத்துன்னு அவர் சொன்னது பொய். நீங்க என் மேல பழி போட்டுடுவீங்கன்னு பயந்து சொன்ன பொய். பழியை இப்பவே போட்டுக்கோங்க, வாங்கிக்கிறேன். ஆனா அவர் கூட நின்னு பேசினவங்க நாளைக்கு மூக்கை நீட்டியே ஆகணும். வண்டியை இங்கேயே வரச் சொல்லியிருக்கேன்."

ஜன்னல்களை ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டாங்க. மேல வீட்டம்மா மட்டும் படியில பாதி இறங்கி வந்து, "நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?"ன்னாங்க.

"இருக்கு. அவர் நல்லபடியா திரும்பி வந்து, மூச்சு வாங்காம இந்த வாசல்ல நின்னப்புறம் அதைப் பேசலாம். அதுவரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது"ன்னேன். அவங்க மேல போயிட்டாங்க.

மறுநாள் காலையில வண்டி வந்துது. கொஞ்ச நேரம் எல்லாரும் கதவுக்குப் பின்னாடியே நின்னாங்க. அப்புறம் தபால்காரர் வந்தார். தனியா நடந்து வரலை, மனைவி தோள்ல சாஞ்சு வந்தார். ராத்திரி பூரா தூங்கலையாம். அவருக்கு இருக்குன்னு தெரிஞ்சு, ஆக்சிஜன் எண்ணும் மோசமா இருந்து, ஆம்புலன்ஸ் அவரை ஏத்திக்கிட்டுப் போச்சு. அதைப் பார்த்தப்புறம் கதவுகள் ஒண்ணொண்ணா திறந்துது. தபால்காரர் மனைவி மட்டும் எடுத்துக்காம வீட்டுக்குள்ள ஓடிட்டாங்க.

மத்தியானம் மாமா ஃபோன் பண்ணினார். குரல்ல காத்துதான் அதிகம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா சிரமமா போயிருக்கும், இப்ப பயமில்லைன்னு டாக்டர் சொன்னாராம்.

"தெருவுல என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா."

"அப்ப நான் எதுக்கு இவ்வளவும் பண்ணினேன்?"

"எனக்காக. தெரியும். எனக்கு நல்ல பேர் வேண்டாம் மாமா, நீங்க வேணும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"ன்னு கேக்க ஆரம்பிச்சவர் பாதியில நிறுத்தி, "இரு, வெச்சுடாதே. பக்கத்துக் கட்டிலுக்கு யாரையோ கொண்டு வராங்க. யோவ், நீயா?"ன்னார்.

தபால்காரர் குரல் விட்டு விட்டுக் கேட்டுது. "டெஸ்ட்டே பொய்னு சொன்னியேய்யா. உன்னை நம்பித்தானே இத்தனை நாள் இருமிக்கிட்டே வீட்லயே கிடந்தேன்."

மாமா மெதுவா சொன்னார்: "என் மருமகளை யாரும் கை நீட்டிப் பேசிடக் கூடாதுன்னு சொன்னேன்யா. உன் உயிரை நான் நினைச்சே பார்க்கலை. அவதான் நினைச்சா."

அந்தப் பக்கம் இருமல். இருமி முடிச்சு, "கை நீட்டினதுல நானும் ஒருத்தன்"னார் தபால்காரர். "ஃபோன்ல அவளா? குடு."

ஃபோன் கை மாறுச்சு.

"அம்மா, என் வீட்டுக்காரி எடுத்துக்கலை. குச்சியைக் கண்டு ஓடிட்டா. ஆறேழு நாளா என் பக்கத்துலேயே இருந்திருக்கா. எப்படியாவது எடுக்க வெச்சுடும்மா. உன்னை விட்டா எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

"நான் வெளியில வரக் கூடாதுங்க. எங்க ஆளுங்க இன்னும் தெருவுலதான் இருக்காங்க, அவங்க எடுப்பாங்க. பேசறதை நான் பேசிக்கிறேன்"னேன்.

ஃபோனை வெக்காமலே வாசலுக்கு வந்து, எதிர் வீட்டைப் பார்த்து, "அக்கா, வெளியில வாங்க. நாற்காலியை என் கேட்டுக்கு நேரா போடச் சொல்றேன். என்னைப் பார்த்துக்கிட்டே உட்காருங்க, முடியற வரைக்கும் உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேன்"ன்னு குரல் குடுத்தேன்.

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்த அக்கா வெளியில வந்தாங்க.